நான் சுத்தம் செய்த வரி

எங்கள் அலுவலகத்தில் யாராவது வந்து "கம்பைலர்லதான் பிழை போல" என்று முனகினால், நான் ஒரே பதிலைத்தான் தயாராக வைத்திருந்தேன். "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்." பதினைந்து வருடம் இந்தத் தொழிலில் நான் சேர்த்த ஞானம் மொத்தமும் அந்த ஒரு பழமொழிதான். அதுவும் இரவல்.

கம்பைலர் என்பது, நாம் எழுதும் நிரலை வாசித்து இயந்திரத்துக்குப் புரியும் கட்டளையாக மாற்றித் தருகிற இன்னொரு நிரல். உலகம் முழுக்க எத்தனையோ பேர் தினமும் பாவிக்கிற சாமான். அதில் ஒரு பிழை இருந்து, அது யார் கண்ணிலும் படாமல் நேரே கண்டிக்கு வந்து, கூட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் செருப்புக்கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்திருக்கிற என் கையில் அகப்படுமா? நடக்கிற கதையா? பிழை என்றால் அது எழுதின ஆளுடையது. எழுதின ஆள் என்று நான் சொல்வது பெரும்பாலும் என்னைத் தவிர மற்றவர்களை.

எங்கள் வேலை இதுதான். மழை பெய்தால் மலைச்சரிவில் எந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் மண்ணுக்குள் ஊறும் என்று கணக்குப் போட்டு வரைபடம் தர வேண்டும். மலையைச் சின்னச் சின்னச் சதுரமாகப் பிரித்து, எல்லாச் சதுரத்துக்கும் ஒரே நேரத்தில் கணக்கை ஓட விடுவோம். தேயிலைத் தோட்டத்தில் ஆளுக்கொரு நிரை கொடுத்து எல்லோரையும் ஒன்றாகக் கொழுந்தெடுக்க இறக்கிவிடுவது போல. ஒருவர் மட்டும் எடுத்தால் மலை முடிய மாதக்கணக்காகும். ஒன்றாக இறக்கினால் மதியத்துக்குள் முடியும். அப்படி இறக்கிவிடுவதற்கென்றே தனியாக ஒரு கம்பைலர் இருந்தது, அதைத்தான் நாங்கள் பாவித்தோம்.

அந்தக் கணக்கின் நடுப்பகுதியை எழுதியவர் கம்பளையிலிருந்து வருகிற ஒரு பெண். வயது நாற்பத்திரண்டு, என்னைவிட மூன்று வயது மூப்பு. அரசாங்கப் பாடசாலையில் கணித ஆசிரியையாகப் பல வருடம் இருந்து, தானாகவே நிரல் எழுதப் படித்து, வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு எங்களிடம் வந்தவர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் டீச்சர். எனக்கும் டீச்சர்தான். ஆனால் அவர் என்னை சேர் என்று கூப்பிடுவார். மூத்தவர் கூப்பிடுகிறாரே என்று கூச்சப்பட வேண்டிய இடம். நான் கூச்சப்படவில்லை. கேட்கச் சுகமாக இருந்தது.

அரசாங்க வேலையை யாராவது விடுவார்களா? ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் அவரிடம் அதைக் கேட்டிருந்தார்கள். ஓய்வூதியம் இருக்கிற வேலை. விட்டால் திரும்ப எடுக்க மாட்டார்கள். எங்களிடமோ ஆறு மாதத் தகுதிகாண் காலம். அது முடியும்போது நான் ஓர் அறிக்கை எழுத வேண்டும், அதைப் பார்த்துத்தான் மேடம் அவரை நிரந்தரமாக்குவார். மேடம் என்பது எங்கள் நிறுவனத்தின் பொறுப்பாளர், யாழ்ப்பாணத்துக்காரர், மண்ணைப் பற்றிப் படித்தவர். ஆக, ஒரு குடும்பத்துச் சோறு என் பேனா நுனியில் இருந்தது. அது எனக்கு நன்றாகவே தெரியும்.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து ஆமோதித்த பிறகுதான் பொது நிரலில் சேர்ப்போம். பார்க்கிற ஆள் நான். மாமியார் கழுவிய பாத்திரத்தை விரலால் தடவிப் பார்ப்பாரே, அந்தச் சந்தோஷத்தோடுதான் நான் அந்த வேலையைச் செய்வேன். ஒருநாள் டீச்சரின் நிரலில் என் விரலுக்கு ஒன்று தட்டுப்பட்டது. மண்ணின் ஆழம் என்று ஓர் எண் ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சும்மா இன்னொரு பெயரில் பிரதி எடுத்து வைத்துவிட்டு, கணக்குக்குள் அந்தப் பிரதியைப் பாவித்திருந்தார். மேலே ஒரு குறிப்பு வேறு: "இந்த வரியை எடுக்க வேண்டாம். எடுத்தால் விடை பிழைக்கிறது. காரணம் தெரியாது."

காரணம் தெரியாது! எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"இது என்ன டீச்சர்?"

"அது இல்லாட்டி பிழைக்கிது சேர்."

"ஏன் பிழைக்குது?"

"வெளங்கல்ல. மூணு நாளா பார்த்தேன். வேற பேருல எடுத்து வச்சா சரியா வருது. நேரா எடுத்தா வருதில்ல."

"டீச்சர், இது கம்ப்யூட்டரு. த்ரீவீல்ல எலுமிச்சங்காயும் மொளகாயும் கட்டுற எடம் இல்ல."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் அதற்காகத்தான் சொன்னேன். "காரணத்தச் சொல்லுங்க, நானே திருப்பிப் போடுறேன்."

"காரணம் தெரிஞ்சா நான் ஏன் சேர் குறிப்பு எழுதுற?"

நியாயமான கேள்வி. எனக்கு அப்போது காது வேறு எங்கோ இருந்தது. வரியை எடுத்தேன், குறிப்பை எடுத்தேன், கணக்குக்குள் பழைய பெயரையே போட்டேன். சின்னச் சோதனை ஒன்றை ஓட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது. யார் என்ன மாற்றினார் என்று பதிகிற இடத்தில் "சுத்தம் செய்யப்பட்டது" என்று எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். அன்றைய தேநீர் நல்ல தேநீர்.

இரண்டு வாரம் கழித்துப் பெரிய வரைபடம் வந்தது. மேடம் அதைத் திரையில் விரித்துவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"புசல்லாவைப் பக்கம் முழுக்கக் காய்ஞ்சு கிடக்குது. இதென்ன, பாலைவனமோ?"

புசல்லாவை என் ஊர். அன்று காலை அங்கிருந்து ஈரக் காலுறையோடு பஸ்ஸில் வந்தவன் நான்.

"இந்தப் பகுதி ஆர் எழுதினது?"

"டீச்சர் மேடம்."

அவர் கேட்டு முடிக்கவில்லை, நான் சொல்லி முடித்துவிட்டேன்.

டீச்சரைக் கூப்பிட்டுச் சூத்திரங்களைத் திரும்பப் பார்க்கச் சொன்னேன். "சேர், அந்த வரிய ஒருக்கா போட்டுப் பார்ப்போமா?" என்றார். "மறுபடியும் எலுமிச்சங்காயா?" என்றேன். அவர் போய், ஒரு கொப்பி நிறையக் கையால் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். கோடு அடித்து, படி படியாக, விடைக்குக் கீழே இரட்டைக் கோடு. எல்லாம் சரி. "கொப்பியில சரியா இருக்கலாம்" என்றேன். பிறகு தன் கணினியில் அந்த வரியைப் போட்டு ஓட்டிக் காட்டினார். புசல்லாவை நனைந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு யோசித்திருப்பார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு பிழைய இன்னொரு பிழை மறைக்குது டீச்சர். உள்ளுக்குள்ள பிழை அப்படியே இருக்கு." இந்தப் பதிலில் உள்ள வசதி என்னவென்றால், இதற்கு எந்தச் சாட்சியும் தேவையில்லை. ஆள் கொஞ்சம் கனத்த குரலில் சொன்னால் போதும்.

அந்த வாரமே அறிக்கையை எழுதினேன். "கவனக்குறைவு உண்டு. காரணம் தெரியாமல் நிரல் எழுதுகிறார். நிரந்தரமாக்கப் பரிந்துரைக்க முடியவில்லை." மூன்றே வாக்கியம். பக்கத்தில் வைத்த தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

மேடம் வாசித்துவிட்டு மேசையில் வைத்தார். "ஓம், மாத முடிவில தீர்மானிப்பம். அதுக்கு முதல் பிழை எங்கயெண்டு காட்டும். வாய்ச்சொல் காணாது."

காட்டுகிறேன், இதென்ன பெரிய காரியம் என்று உட்கார்ந்தேன். பிழை எங்கே என்று பிடிக்க எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. நிரலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு துண்டை வெட்டின பிறகு பிழை மறைந்தால், அந்தத் துண்டில்தான் கள்ளன் இருந்தான் என்று அர்த்தம். டீச்சரின் முதல் சூத்திரத்தை வெட்டினேன். பிழை இருந்தது. இரண்டாவதை வெட்டினேன். இருந்தது. மழை, சரிவு, மண்வகை எல்லாவற்றையும் வெட்டினேன். கடைசியில் பதினான்கு வரி மிஞ்சியது. அதில் டீச்சர் எழுதியது என்று ஒரு எழுத்துக்கூட இல்லை. ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, எல்லாச் சதுரத்திலும் அதை எழுது என்று சொல்கிற பதினான்கு வரி. அந்த எண்ணுக்குத் தொடக்கத்தில் சும்மா ஒன்று என்று வைத்து, பிறகு மூன்று என்று மாற்றியிருந்தேன். எல்லாச் சதுரத்திலும் ஒன்று என்று வந்தது.

பேய்முழி முழித்தேன். மூன்றை ஒன்று என்று சொல்வதற்கு ஒரு கணித ஆசிரியை தேவையில்லை என்பது எனக்கே விளங்கியது. அந்த எண்ணை வேறொரு பெயரில் பிரதி எடுத்துப் போட்டேன். மூன்று, மூன்று, மூன்று என்று வந்தது. பிரதியை எடுத்தேன். ஒன்று, ஒன்று, ஒன்று. நான் முதலில் ஓட்டின சின்னச் சோதனை ஏன் சரியாக வந்தது என்பதும் தெரிந்தது. அதில் மண்ணின் ஆழமே ஒரு மீட்டர்தான். பிழைத்தாலும் ஒன்று, பிழைக்காவிட்டாலும் ஒன்று. புசல்லாவையில் மண் அதைவிட ஆழம், அதையும் ஒரு மீட்டர் என்று எடுத்ததால்தான் ஊற வேண்டிய தண்ணீர் ஊறாமல் காய்ந்து கிடந்தது.

அப்போதே எழுந்து மேடத்திடம் போயிருக்கலாம். போகவில்லை. அவசரப்பட்டுக் கம்பைலரைக் குற்றம் சொல்லிவிடக் கூடாதே! எவ்வளவு பெரிய ஆட்கள் எழுதியது, நாளைக்கு நான் சொன்னது பிழையென்றால் என் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது? கம்பைலரை அழித்துவிட்டுத் திரும்ப நிறுவினேன். இன்னொரு கணினியில் போட்டேன். கணக்கு ஓடுகிற அட்டையைக் கழற்றித் தூசி தட்டி மாட்டினேன். பழைய பதிப்பு, புதிய பதிப்பு, மொழியின் விதிப்புத்தகம் என்று ஒன்றையும் விடவில்லை. அந்த விதிப்புத்தகத்தை நான் வாசித்த சிரத்தையில் பாதியைப் பள்ளிக்கூடத்தில் காட்டியிருந்தால் என் அம்மா கோயிலுக்கு வைத்த நேர்த்திக்கடன் எல்லாம் மிச்சமாகியிருக்கும்.

எட்டு நாள் போனது. புசல்லாவையிலிருந்து கண்டிக்கு வருகிற பஸ் கம்பளை வழியாகத்தான் வரும். டீச்சர் கம்பளையில் ஏறுவார். அந்த எட்டு நாளும் கம்பளை வருவதற்குக் கொஞ்சம் முன்பாக எனக்குச் சொல்லிவைத்தாற்போல நித்திரை வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஜன்னல் பக்கம் சாய்த்துக்கொண்டு, அவர் செருப்புச் சத்தம் என்னைத் தாண்டிப் போகும்வரை கிடப்பேன். ஒருநாள் நடத்துநர் என் தோளைத் தட்டி, "அண்ணே, சொகமில்லையா?" என்று கேட்டார். சுகமில்லைதான்.

வீட்டில் மனைவி கேட்டாள். "அந்த டீச்சரம்மா வேல என்னாச்சி?"

"கம்பைலர்ல ஒரு சந்தேகம் இருக்கு. பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"நான் கேட்டது அந்தம்மாவ."

"அதத்தான் சொல்றேன்."

"நீங்க எங்க சொல்றீங்க" என்றுவிட்டு அவள் உள்ளே போனாள்.

எட்டாம் நாள் கம்பைலரையே வாய் திறக்க வைத்தேன். கம்பைலருக்கு இரண்டு பாதி. முன்பாதி நாம் எழுதியதை வாசித்து, எந்தப் பெயர் எந்தப் பொருளைச் சொல்கிறது என்று முடிவு செய்யும். பின்பாதி அதை அரைத்து இயந்திரத்துக்குக் கொடுக்கும். முன்பாதி என்ன விளங்கிக்கொண்டது என்று அப்படியே காட்டச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. காட்டச் சொன்னேன். நீளமான பட்டியல் வந்தது. அதில், ஒன்றாக இறக்கிவிடுகிற இடத்துக்குள் அந்தப் பெயர் வந்தால், நான் கொடுத்த மூன்றை எடுக்காமல், முதலில் தொடக்கத்துக்காக வைத்த ஒன்றை எடுத்துக்கொள் என்று பச்சையாக எழுதியிருந்தது. எழுதின ஆளுக்கு ஆடத் தெரியும். கூடம்தான் கோணல்.

அன்றைக்கும் மேடத்திடம் போகவில்லை. கம்பைலரை எழுதினவர்களுக்குக் கடிதம் எழுதினேன். ஒருநாள் முழுக்க எழுதினேன். எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. "உங்கள் அருமையான உழைப்புக்கு முதலில் நன்றி. கீழே உள்ள பதினான்கு வரியில் நான் எதிர்பார்த்த விடை வரவில்லை. நான் எதையாவது தவறாக விளங்கிக்கொண்டிருக்கலாம். பிழை என்னுடையதாகவும் இருக்கலாம். அப்படியானால் பொறுத்துக்கொண்டு திருத்துங்கள்." நான் முயன்று பார்த்தவற்றையெல்லாம் வரிசையாக எழுதி, "எழுதியுள்ளீர்கள்" என்பதை "எழுதியிருக்கிறீர்கள்" என்று மாற்றினால் மரியாதை கூடுமா என்கிற அளவுக்கு யோசித்து அனுப்பினேன். ஆங்கிலக் கடிதம்தான், ஆனால் யோசனை அந்த மட்டத்தில் இருந்தது.

மாத முடிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பதில் வந்தது. பிழை உண்மைதான், முன்பாதியில்தான் இருக்கிறது, அடுத்த பதிப்பில் சரியாகும் என்று யாரோ ஒருவர் எழுதியிருந்தார். "அதுவரை அந்த எண்ணை வெளியே வேறொரு பெயரில் பிரதி எடுத்து, உள்ளே பிரதியைப் பாவியுங்கள்." அவர்கள் உதாரணமாகக் கொடுத்த வரியைப் பார்த்தேன். டீச்சரின் வரி. நான் சுத்தம் செய்த அதே வரி, பெயர் மட்டும் வேறு.

இனித் தப்ப வழியில்லை. பதிலை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டு முழுதும் வாசித்தார்.

"அப்ப அந்த வரியை எடுத்தது ஆர்?"

"நான்தான் மேடம்."

"பிறகு பழியை அவவின்ர தலையில போட்டது?"

"அதுவும் நான்தான்."

"ரெண்டு வேலையையும் தனியாளாச் செய்திருக்கிறீர். கெட்டிக்காரன்." அறிக்கையை எடுத்து என் பக்கம் தள்ளினார். "இதை மாத்தி, என்ன நடந்ததெண்டு உம்மட கையெழுத்தோட எழுதித் தாரும். இண்டைக்கே."

எழுதிக் கொடுத்தேன். வரியை எடுத்தது நான், காரணம் கேட்டு மடக்கியது நான், சோதனை போதாமல் இருந்தது என் குறை. பின்னேரம் டீச்சரின் கையில் நிரந்தரமாக்கிய கடிதம் கிடைத்தது. அவர் அதை இரண்டு முறை வாசித்து, நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். நான் அவர் மேசைப் பக்கம் போய், "டீச்சர், அந்த வரி சரிதான். திருப்பிப் போட்டுட்டேன்" என்றேன். "சரி சேர்" என்றார்.

அன்று கூட்ஷெட்டில் ஒரே பஸ்ஸில் ஏறினோம். டீச்சருக்கு ஒரு பெண்மணிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது, எனக்கு அதற்குப் பின்னால். பஸ் ஊரைத் தாண்டின பிறகு அவர் பாதி திரும்பிப் பேசினார்.

"போன கெழம பழைய ஸ்கூலுக்குப் போனேன் சேர். ஏதாச்சும் வகுப்பு எடுக்கத் தருவாங்களாண்டு கேட்க. அதிபர்ட அறைக்கு வெளிய ஒரு கதிரையில ஒண்டர மணித்தியாலம் குந்தி ஈந்தேன். நான் படிப்பிச்ச புள்ளைகள் எல்லாம் பார்த்துப் பார்த்துப் போச்சு. ஒரு புள்ள வந்து, டீச்சர் திரும்பி வந்துட்டீங்களாண்டு கேட்டிச்சு."

"என்ன சொன்னீங்க?"

"சும்மா பார்க்க வந்தேண்டு சொன்னேன்."

ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் செய்தேன். போனை எடுத்து, கம்பைலர்காரர்களுக்கு எழுதிய கடிதத்தைத் திறந்து அவரிடம் நீட்டினேன். எவ்வளவு பாடுபட்டு உண்மையைக் கண்டுபிடித்தேன் என்று அவர் பார்க்கட்டும் என்றுதான். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் மெச்ச வேண்டும் என்றும் இருந்தது.

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, விடைத்தாள் திருத்துவது போல ஆறுதலாக வாசித்தார். மேலே போய் மறுபடியும் வாசித்தார்.

"நல்லா எழுதி ஈக்கிறீங்க சேர்."

"ஒரு நாள் முழுக்க எழுதுனேன் டீச்சர்."

"இவங்கள உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. முன்ன பின்ன பார்த்ததில்ல."

"'பிழை என்னுடையதாகவும் இருக்கலாம்' எண்டு எழுதி ஈக்கிறீங்க."

"அப்படித்தான் எழுதணும் டீச்சர். நல்லா நிச்சயம் பண்ணாம ஒருத்தரக் குத்தம் சொல்லக் கூடாதில்லையா?"

பஸ் கம்பளை நிறுத்தத்துக்கு வந்துவிட்டது. நடத்துநர் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கத்தினார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார், போனை என் கையில் கொடுத்தார், எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் ஆறு மாசமா உங்களுக்கு முன் மேசையில ஈந்தேன் சேர்" என்றார். "எனக்கு இப்பிடி எழுதல்லயே."

குரலில் கோபம் இல்லை. இறங்கிப் போய்விட்டார். முன்னால் நின்றவர்கள் உட்கார்ந்தார்கள், பஸ் புறப்பட்டது. பாலம் தாண்டின பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அறிக்கை, திருத்தின அறிக்கை, வெளிநாட்டுக்குக் கடிதம் என்று அந்த மாதம் முழுக்க இவ்வளவு எழுதியும் பேசியும் இருக்கிறேன், அவரிடம் மன்னிப்பு மட்டும் நான் கேட்கவில்லை.